ஊர்ப்பேச்சு குற்றமாகுமா?

சென்ற மாதம் எமது காரியாலயத்துக்கு ஒரு கமக்காரர் வந்திருந்தார். கிளிநொச்சிப் பக்கத்திலே கொஞ்ச வயலும் ஒரு மேட்டுக்காணியும் வைத்துச் சீவனம் நடத்துபவர். நெல்லின் விலையைப் பற்றியோ பசளையைப் பற்றியோ முறையிடத்தான் வந்திருக்கிறார் என்று நாம் கருதினோம். அவர் வந்ததோ தம் மகளைப் பற்றிப் பேச.

அவருடைய பெற்றோர் 1977 ஆம் ஆண்டு வன்செயலின்போது மலையகத் தோட்டமொன்றிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் வளர்ந்தது வன்னியில். மகள் பிறந்ததும் வன்னியில். எனினும், பாட்டியின் மடியிலிருந்து பேசப் பழகிய அப்பிள்ளையின் பேச்சிலே மலையகத்தின் ஓசை இருக்கிறது. பாடசாலையிற் பேச்சுப் போட்டிக்கு நின்றாள், பேசினாள். பேசி முடிந்ததும் ஆசிரியர் ஒருவர் அவள் பேசியதுபோலவே பேசிக் காட்டினாராம். வகுப்பு முழுவதும் சிரித்ததாம். அன்று தொடக்கம் அவள் வகுப்பிலே வாய் திறப்பதில்லை.

"வாசிக்கச் சொன்னா எந்திரிச்சு நிக்கிறா. வாயைத் தொறக்க மாட்டேங்கிறா ஐயா. பேச்சைத் திருத்திவிட ஆரும் வாத்திமார் இருக்கினமே?" என்று அவர் எம்மிடம் கேட்டார்.

முதலிரு வாக்கியங்களும் அவருடைய தாயின் பேச்சு. மூன்றாவது வாக்கியம் வன்னியின் பேச்சு. தம் குடும்பத்தின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுச் சரித்திரத்தை மூன்று வாக்கியங்களிலே, தம்மை அறியாமலே, அவர் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சைத்தான் திருத்தித் தரும்படி கேட்கிறார்!

அரசியல் வார இதழ் ஒன்றின் தலையங்கத்துக்கு ஒரு சிறுமியின் உச்சரிப்பு எங்ஙனம் பொருளாகும் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். இந்நாட்டில் உச்சரிப்பு அரசியலாகி வெகுகாலமாயிற்று. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே, காடையர் கூட்டம் பஸ்களை மறித்து உள்ளே ஏறி, தமிழரெனச் சந்தேகித்தவர்களை ஒரு சொல்லைச் சொல்லும்படி கேட்டது. வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் 'பால்திய' என்ற சொல் அது. அதனை எமது எழுத்திலே சரியாக எழுதிக்காட்டவும் இயலாது. அதன் முதலெழுத்தைத் 'தம்பி' என்பதன் ஈற்றெழுத்தைப் போல ஒலிக்கவேண்டும். 'பால்', 'பழம்' என்பவற்றின் முதலில் நிற்கும் பகரம் வாயில் வந்துவிட்டால், சொன்னவர் தமிழரென்று தீர்ப்பாயிற்று. அதன்பின் நடந்தவற்றை எமது வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அச்சொல்லைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். அது சிங்களத்துக்கு உரிய சொல்லே அன்று. வாளியைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் ஒன்று கப்பலேறி வந்து சிங்களத்திற் புகுந்து தங்கியது. 1505 இல் இக்கரையை அடைந்த பரங்கியரின் பண்டச் சொல் ஒன்றை உரைகல்லாகக் கொண்டு, இம்மண்ணிலே யார் அந்நியர் என்று உரசிப் பார்த்தார்கள்.

இத்தகைய சோதனை உலகில் எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. விவிலிய நூலிலே, நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஒரு செய்தி வருகிறது. போரிலே தோற்றுத் தப்பியோடிய எப்பிராயீமியர் யோர்தானைக் கடக்க வந்தபோது, துறைகளைப் பிடித்திருந்த கீலேயாத்தியர் அவர்களை 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். 'ஷ' என்ற ஒலி எப்பிராயீமியருக்கு வராது, 'சிபோலேத்' என்றார்கள், வெட்டப்பட்டார்கள். அப்போரில் மாண்டவர் 42,000 பேர் என்று அந்நூல் கணக்குச் சொல்கிறது. அச்சொல்லுக்குக் கதிர் என்று பொருள் கூறுவர். 1937 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே தொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி துருயீயோவின் படையினர் எல்லைப்புறத்து எயிற்றி மக்களைக் கொன்று குவித்தபோது, கறிக்கிடும் ஓர் இலையின் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொல்லி ஆளறிந்தார்கள் என்று கூறப்படுகிறது. எயிற்றி மக்களின் நாவில் ஸ்பானிய ரகரம் புரளாது. கதிர், கறியிலை, வாளி! கமக்காரன் வீட்டிலே நாள்தோறும் புழங்கும் பண்டங்களை விட்டு, மனிதரைக் கொல்வதற்கு வேறு சொற்கள் கிடைக்கவில்லைப் போலும்.

ஒருவர் வாயில் ஓர் ஒலி ஏன் வருகிறது, இன்னொருவர் வாயில் அது ஏன் வருவதில்லை? "நாக்குத் தடிப்பு" என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிடுவர். நாவிலே குற்றமில்லை. தமிழர் ஒவ்வொருவரும் 'தம்பி' என்று அழைக்கும்போதும், 'அம்பு', 'கம்பு', 'பாம்பு' என்று சொல்லும்போதும், காடையர் கேட்ட அதே ஒலியைத்தான் வாயிற் பிறப்பிக்கிறோம். மெல்லினத்தின் பின்னே வரும்போது அது தானாக வருகிறது. தமிழ்ச் சொல்லின் முதலிலே அது வருவதில்லை. வல்லோசையோடு ஒலித்தாலும் மெலிந்து ஒலித்தாலும் தமிழிலே பொருள் வேறுபடாது. ஆகவே எமது முன்னோர் இரண்டுக்கும் ஓரெழுத்தே போதுமென்று வகுத்தனர். சிங்களத்திலோ அவை இரண்டு எழுத்துகள், இரண்டு பொருள்கள். எனவே, தமிழ் வீட்டிலே வளர்ந்த காது அவ்வேறுபாட்டைக் கவனியாது விட்டுவிடப் பழகிவிடுகிறது. காது கவனியாததை நா எங்ஙனம் பேணும்?

கொழும்பிலே சிங்களப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடி வளர்ந்த தமிழருட் சிலர் அச்சொல்லைப் பிழையறச் சொல்லித் தப்பியதும் உண்டு. அவர்களும் தமிழரே. அச்சோதனையால் ஒருவருடைய இனத்தை அறிய முடிந்ததில்லை. அவர் யார் மத்தியில், எந்த வயதில் பேசப் பழகினார் என்பதையே அது காட்டியது.

இவ்விஷயத்தை அறிஞர் பலர் ஆராய்ந்திருக்கின்றனர். 1984 ஆம் ஆண்டிலே கனடாவைச் சேர்ந்த யனெற் வேர்க்கர், றிச்சேட் ரீஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வொன்று தமிழருக்குச் சுவையானது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியிலுள்ள இரண்டு ஒலிகளைக் கேட்கச் செய்தனர். அவை எமது தகரத்துக்கும் டகரத்துக்கும் நேரானவை. ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு இல்லை. ஆறு முதல் எட்டு மாதம் வரையுள்ள குழந்தைகள் அவ்விரண்டையும் வேறு பிரித்து உணர்ந்தன. பத்து மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுட் பெரும்பாலானவற்றுக்கு அது இயலவில்லை. முதலாவது பிறந்தநாள் வருமுன்னரே, தன்னைச் சூழ்ந்தோர் பயன்படுத்தாத ஒலி வேறுபாடுகளைக் குழந்தையின் காது கைவிடத் தொடங்கிவிடுகிறது. 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதற்கும் முன்னே செல்கிறது. பிறந்து சில நாளேயான முப்பது பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையையும் முப்பது யேர்மன் குழந்தைகளின் அழுகையையும் பதிவுசெய்து ஒப்பிட்டனர். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறிற்று. யேர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழே இறங்கிற்று. அவ்விரு மொழிகளின் பேச்சோசையும் அவ்வாறானவையே. தாயின் வயிற்றிலிருக்கும்போதே பிள்ளை தாயின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது! எமது பெண்கள் நிறைமாதத்திலே பாட்டுப் பாடியும் கதை சொல்லியும் வந்தது வீண் போகவில்லை.

பதின்ம வயதைத் தாண்டியபின் புதிய மொழியொன்றைக் கற்பவர் அதன் இலக்கணத்தையும் சொல்வளத்தையும் முற்றாக வசப்படுத்தலாம்; ஓசையை மட்டும் அவ்வாறு வசப்படுத்துவது அரிது. போலந்துக் குடும்பத்திலே பிறந்த யோசப் கொன்றாட் இருபது வயதுக்குப் பின்னரே ஆங்கிலம் கற்றார். அம்மொழியின் தலைசிறந்த நாவலாசிரியருள் ஒருவரானார். அவர் வாய் திறந்தால் கடைசிவரை போலந்து மணந்தது. அவருடைய ஆங்கிலம் குறைவுடையதென்று யார் சொல்லத் துணிவர்? எங்கள் ஊர்களிலே, இங்கிலாந்து சென்று திரும்பியவர் போல வாயைச் சுழித்துப் பேசுபவரே ஆங்கிலம் அறிந்தவர் என்றொரு மயக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஊறிக்கிடக்கிறது. சட்டம் அறிந்த எத்தனையோ அப்புக்காத்துமாரும் மருத்துவம் அறிந்த எத்தனையோ வைத்தியர்களும் யாழ்ப்பாண ஓசையோடேயே ஆங்கிலம் பேசி வழக்கை வென்றனர், நோயைத் தீர்த்தனர்.

இனி, எமது வீட்டுக் கதைக்கு வருவோம். ஒரே மொழியைப் பேசும் மக்களிடையே ஊருக்கு ஊர் ஓசை வேறாவது ஏன்? மக்கள் பிரிந்து வாழ்ந்தால் அவர்கள் பேச்சும் பிரிந்து வளரும். கடலும் காடும் மலையும் பிரித்துவிட்ட ஊர்களிலே, ஓரூரில் மாறிய ஒலி மற்ற ஊரில் மாறாது நிற்கும். ஓரூரில் மறைந்த சொல் மற்ற ஊரில் வாழும். எங்கே பழையது நின்றது, எங்கே அது தேய்ந்தது என்று பார்த்தால், எந்த ஊரும் முழுப் பெருமையைத் தனக்கென்று கொண்டுபோக இயலாது.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்வோம். தூய தமிழ் பேசுவோர் நாமே என்ற எண்ணம் எம்மிற் பலருக்கு உண்டு. அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 'காற்று', 'நேற்று' என்பவற்றை ஊர்ப்பேச்சிலும் இரட்டை றகர ஓசை கெடாமல் யாழ்ப்பாணத்தார் சொல்கின்றனர். தமிழகத்திற் பெரும்பாலோர் வாயில் அவை 'காத்து', 'நேத்து' ஆகிவிட்டன. ஆங்கிலச் சொற்களை நாம் 'ரொறன்ரோ', 'ரிக்கற்' என்றும், தமிழகத்தார் 'டொராண்டோ', 'டிக்கெட்' என்றும் எழுதுவதன் காரணமும் இதுவே. ஆங்கிலேயரின் அவ்வொலி நாநுனி மேற்பல்லின் பின்னே தொடப் பிறப்பது. எம்மிடம் அதற்கு நெருங்கிய றகர ஒலி உயிரோடு இருக்கிறது. 'இது', 'அது' என்பவற்றுக்கு நடுவே 'உது' என்ற பழஞ்சுட்டு எம்மூரிலே இன்றும் வாழ்கிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால், தமிழின் தனிச் சிறப்பென்று மேடைகளில் நாம் முழங்குகின்ற ழகரத்தை யாழ்ப்பாணத்து ஊர்ப்பேச்சு எப்போதோ தொலைத்துவிட்டது. அங்கே வாழைப்பழம் 'வாளைப்பளம்' ஆகி வெகுகாலமாயிற்று. பேராசிரியர் சுசீந்திரராசா போன்ற எமது மொழியியலறிஞரே இதனை எடுத்துக்காட்டியிருக்கின்றனர்.

மட்டக்களப்பார் ராகம் இழுத்துப் பேசுகின்றனர் என்று யாழ்ப்பாணத்திலே கேலி செய்வதுண்டு. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், தமிழ்ப் பேச்சு வழக்குகள் யாவற்றுள்ளும் இலக்கியத் தமிழுக்கு மிக அணித்தானது மட்டக்களப்பு வழக்கே என்றும், மிகப் பழைய கூறுகள் பல அதிலே பாதுகாக்கப்பட்டுள்ளன என்றும் எழுதினார். இதனை நாம் அச்சிடுவதால் எமது யாழ்ப்பாணத்து வாசகர் சிலர் கடிதம் எழுதுவர் என்பது தெரியும். எழுதட்டும், இடமிருந்தால் வெளியிடுவோம்.

மலையக மக்களின் பேச்சு ஏன் வேறாயிருக்கிறது என்பதற்கு அவர்களின் வரலாறே விடை. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். லயன் அறைகளிலே பல மாவட்டத்தாரும் ஒன்றாக அடைக்கப்பட்டபோது, அப்பல பேச்சுகளும் கலந்து தேய்ந்து புதியதொரு பேச்சு உருவாயிற்று. தோட்டத்தை விட்டு வெளியே கலந்து பழக அவர்களை யார் விட்டார்? 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. இவ்வளவையும் தாங்கி நின்ற ஒரு மக்கள் கூட்டத்தின் பேச்சைக் கேட்டு, அதே 1948 இல் அவர்களுக்கு நேர்ந்ததைக் கண்டு தமிழ் அரசியலே இரண்டாகப் பிளந்ததை அறிந்த ஒரு சமூகத்தின் ஆசிரியர், வகுப்பிலே நையாண்டி செய்கிறார்.

பேச்சோசையிலே பழக்கம் மட்டுமன்றி மனமும் கலந்திருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்திலுள்ள மாதாஸ் வினியாட் என்ற தீவிலே வில்லியம் லபோவ் என்பவர் செய்து 1963 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. கோடைகாலத்திலே செல்வந்தர் அத்தீவிற் குவிந்து, காணிகளை வாங்கி, மீன்பிடித்து வாழ்ந்த பழங்குடிகளை நெருக்கிக்கொண்டிருந்தனர். அக்காலத்திலே தீவின் பழைய உயிரோசை ஒன்று குறைந்து மறையாமல் வலுவடைந்ததை லபோவ் கண்டார். தீவை விட்டுப் போவதில்லை என்று முடிவுசெய்தவர்களின் வாயிலே அது மிகுந்து ஒலித்தது. வெளியேற நினைத்தவர்களின் வாயிலே குறைந்து ஒலித்தது. 'இம்மண் எம்முடையது' என்று அவர்கள் தீர்மானம் நிறைவேற்றவில்லை. தம்மை அறியாமலே தம் உயிரெழுத்துகளில் அதனைச் சொல்லிக்கொண்டிருந்தனர். திருகோணமலையிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் காணியைக் காத்து நிற்கும் எமது மக்களுக்கு இது புதுமையாய்த் தோன்றாது.

பண்டை இலக்கண நூலார் எம்மைவிடப் பெருந்தன்மை உடையவராயிருந்தனர். எவ்வெழுத்து உதட்டிலே பிறக்கிறது, எது நாநுனி அண்ணத்தைத் தொடப் பிறக்கிறது என்றெல்லாம் நுணுகி வகுத்த தொல்காப்பியரே, செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்தாரின் சொற்களைத் திசைச்சொல் என்று பெயரிட்டு, செய்யுளிலேயே அவற்றுக்கு ஆசனம் கொடுத்தார். பிற்காலத்து நாமோ 'இழிசனர் வழக்கு' என்றொரு முத்திரையைக் கையில் எடுத்தோம். 1960களின் தொடக்கத்திலே, உழைப்பாளரின் பேச்சைக் கதைகளில் எழுதிய எமது எழுத்தாளர்மீது இம்முத்திரை குத்தப்பட்டதும், அதனையொட்டி மரபுப் போராட்டம் மூண்டதும் பலருக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே நாடகத்தில் வைத்து 1940 இல் 'நானாடகம்' வெளியிட்ட பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை பண்டிதத்திலே குறைந்தவரா? ஒரு மக்களின் பேச்சைத் தாழ்ந்ததென்று சொல்பவர், பெரும்பாலும் அம்மக்களைத் தாழ்ந்தவரென்று சொல்லக் கூசி, பேச்சின்மேல் ஏற்றிச் சொல்கிறார்.

எல்லாச் சிரிப்பும் தீயதென்று நாம் கூறவில்லை. 1970களிலே இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' ஒலித்தது. யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியும், முஸ்லிம் மரிக்காரும், சிங்களத் தமிழ் பேசும் உபாலியும், பிராமணத் தமிழ் பேசும் ஐயரும் அதிலே கூடிக் கதைத்தனர். மரிக்காராகப் பேசியவர் இராமதாஸ். ஐயராகப் பேசியவர் அப்துல் ஹமீட்! எல்லாருடைய ஓசைக்கும் எல்லாரும் சிரித்தனர். எவரும் வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொள்ளவில்லை. 1976 இல் அது 'கோமாளிகள்' என்ற படமாகவும் வந்தது. பலம் சமமாயிருக்கும் இடத்திலே ஓசை விருந்தாகும். நாற்பது பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் ஒரு பக்கம், ஒரு சிறுமி மறுபக்கம் என்றால் அதன் பெயர் வேறு.

வானொலியைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. எமது இக்கால ஒலிபரப்பாளர் பலர், தாயோடு ஒரு தமிழும் ஒலிவாங்கியோடு சென்னைத் தமிழுமாக வாழ்கின்றனர். பருத்தித்துறைப் பிள்ளைக்கும் பதுளைப் பிள்ளைக்கும் ஒரே சினிமா ஓசை வந்துவிடுகிறது. ஊரோசையை வானலையிற் கேட்டுப் பழகாதவர்கள் அதைக் கேட்டதும் சிரிப்பதில் வியப்பென்ன? இங்கிலாந்திலும் இதே நோய் இருந்தது. 1941 ஆம் ஆண்டு, யோக்ஷயர் ஓசையுடைய வில்பிரட் பிக்கிள்ஸ் என்பவரை பி.பி.சி. செய்தி வாசிக்க வைத்தபோது முறைப்பாடுகள் எழுந்தன. இன்று அங்கே பல ஊர்களின் ஓசைகளும் செய்தி வாசிக்கின்றன. செய்தி பிழைத்துப்போகவில்லை.

அரசாங்கக் கந்தோர்களிலும் இக்கேலி நடக்கிறது. இம்முறை கேலி செய்பவர் நாம். 2007 ஆம் ஆண்டிலிருந்து அரச சேவையிற் புதிதாகச் சேர்வோர் இரண்டாம் அரசகரும மொழியிலே தேர்ச்சி பெறவேண்டுமென்ற விதி இருக்கிறது. நடைமுறையில் அதன் இலட்சணம் என்னவென்பதை வேறொரு நாள் எழுதுவோம். எங்கோ ஒரு சிங்கள உத்தியோகத்தர் உண்மையிலேயே தமிழைக் கற்றுக்கொண்டு வருகிறார். சிங்களப் பேச்சிலே லகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன; எழுத்திலேதான் இரண்டு. ஆகவே, "பள்ளிக்குப் போகிறேன்" என்பது அவர் வாயிலே "பல்லிக்குப் போகிறேன்" என்று வருகிறது. வரிசையிலே நிற்கும் நம்மவர் சிரிக்கின்றனர். அம்மனிதர் மறுநாளிலிருந்து சிங்களத்திலேயே பேசுகிறார். நட்டம் யாருக்கு? 'பால்திய' என்று சொல்ல முடியாததற்காக உதை வாங்கிய மக்கள், 'பள்ளி' என்று சொல்ல முடியாதவரைப் பார்த்துச் சிரிப்பதை நாம் எங்ஙனம் நியாயப்படுத்துவது?

புலம்பெயர்ந்த வீடுகளிலும் இக்கதை தொடர்கிறது. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளை தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினால், உறவினர் கூடி நின்று மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்லி இரசிக்கின்றனர். மூன்றாம் நாள் பிள்ளை ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். பின்னர், 'புலத்திலே தமிழ் அழிகிறது' என்று கூட்டம் போடுவோம். மேலைநாடுகளிலே ஓசை எங்களைப் பின்தொடரும் இன்னொரு வழியும் உண்டு. 1990களிலிருந்து ஐரோப்பிய நாடுகள் சில, அடைக்கலம் கேட்டு வருவோரின் பேச்சைப் பதிவுசெய்து அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று ஆராயும் முறையைக் கைக்கொண்டன. 2004 ஆம் ஆண்டிலே பல நாட்டு மொழியியலாளர் கூடி இதற்கு வழிகாட்டிக் குறிப்புகள் வெளியிட்டனர். பேச்சைக்கொண்டு ஒருவர் எச்சமூகத்தில் வளர்ந்தார் என்று கூறலாம். அவர் எந்நாட்டுக் குடிமகன் என்று கூறலாகாது என்பது அவர்கள் விடுத்த எச்சரிக்கை. கிளிநொச்சியிலே பிறந்து மலையக ஓசையில் பேசும் எமது சிறுமியை அத்தகைய அதிகாரி ஒருவரின் முன்னே நிறுத்திப் பாருங்கள். அவள் சொல்லும் ஊரை அவர் நம்புவாரா?

அப்படியானால் ஆசிரியர் எதையுமே திருத்தலாகாதா, ழகரத்தையும் ளகரத்தையும் பிள்ளைகள் விரும்பியபடி குழப்பட்டுமா என்று ஒரு தமிழாசிரியர் எம்மைக் கேட்பார். கேட்பது நியாயம். எழுத்துத் தமிழ் எல்லாருக்கும் பொது. அஃது எவருடைய வீட்டுப் பேச்சும் அன்று. அதனை வாசிக்கும்போது 'மழை'யை மழையென்றும், 'கலை', 'களை', 'கழை' மூன்றையும் மூன்றாகவும் ஒலிக்க யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் கற்கவேண்டும், கல்முனைப் பிள்ளையும் கற்கவேண்டும், அற்றன் பிள்ளையும் கற்கவேண்டும். நாவை எங்ஙனம் மடிப்பதென்று காட்டிக் கொடுப்பது ஆசிரியரின் கடமை. கன்னத்திற் குத்தாமலும் நையாண்டி பண்ணாமலும் அதனைக் காட்டிக் கொடுத்த ஆசிரியர்களிடம் கற்றவர்கள் நாம். ஆனால், எழுத்தைச் சரியாக ஒலித்தபின்னரும் அப்பிள்ளையின் வாக்கியம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த உயிர் சற்று நீள்கிறது என்பவை அவள் பாட்டியின் உடைமை. அதிலே கைவைக்க ஆசிரியருக்கு அதிகாரமில்லை. அச்சிறுமி அன்று ழகரத்தைப் பிழையாகச் சொன்னாளா என்று தகப்பனாரிடம் விசாரித்தோம். இல்லையாம். கேலி செய்த ஆசிரியருக்குத்தான் அது வராதாம்.

ஆண்டுதோறும் பாடசாலைகளிலே தமிழ் மொழித் தினப் போட்டிகள் நடைபெறுகின்றன. பேச்சுக்கும் பாவோதலுக்கும் புள்ளியிடுவோர் 'உச்சரிப்பு' என்ற சொல்லைத் தத்தம் ஊர்க் காதுகொண்டே அளக்கின்றனர். அடுத்த சுற்றுநிருபம் வெளிவருமுன், உச்சரிப்புக்குரிய புள்ளி எழுத்துகளைத் தெளிவாக ஒலிப்பதற்கே உரியது, மாவட்ட ஓசைக்காகப் புள்ளி குறைக்கலாகாது என்று கல்வி அமைச்சு ஒரு வரி சேர்க்கவேண்டும். நடுவர் குழுவிலே ஒரே மாவட்டத்தார் மட்டும் அமராமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். வட மாகாணத்திலே மலையக வம்சாவளிப் பிள்ளைகள் பெருந்தொகையாகக் கற்கும் பாடசாலைகள் எவையென்று வலயக் கல்வி அலுவலகங்களுக்குத் தெரியும். அவற்றிலே மலையக ஆசிரியர் எத்தனை பேர் கற்பிக்கின்றனர் என்பதையும் எமது மாகாணப் பிரதிநிதிகள் கேட்டறிந்து வெளியிடட்டும். 'தமிழ் பேசும் மக்கள்' என்று ஒவ்வொரு தேர்தலிலும் முழங்குவோர், அத்தொடரின் நடுச்சொல்லை ஒருதரம் நினைத்துக்கொண்டு இவ்வேலையிற் கைவைத்தால் போதும்.

வந்த கமக்காரருக்கு, பேச்சைத் திருத்தும் வாத்தியார் எவரையும் தேடவேண்டாமென்று சொன்னோம். நடந்ததை எழுத்திலே வாங்கிக்கொண்டோம். பாடசாலையின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் அச்சிடாமல், உரிய இடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பாட்டி இன்னும் இருக்கிறாரா என்று கேட்டோம். இருக்கிறாராம், இரவிலே பேத்திக்குக் கதை சொல்வாராம், வீட்டிலே பிள்ளை வாய் ஓயாமல் பேசுவாளாம். அடுத்த வருடமும் போட்டிக்கு நிற்பாளா என்று கேட்டதற்கு, அவர் சற்று யோசித்தார். "கேட்டுப் பாக்கிறன் ஐயா" என்று சொல்லிவிட்டு, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போனார்.